பாடசாலைக் கட்டடம் யாருக்காக?

கடந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமம் ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்தபின் தேவாலய முன்றலிற் கூடிய கூட்டத்தில் நானும் போய் அமர்ந்திருந்தேன். நான் அவ்வூரைச் சேர்ந்தவனல்லன், கத்தோலிக்கனும் அல்லன். ஆனால் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றிற் படித்தவன். அவ்வூரின் பங்குத்தந்தை அந்நாளில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர். பத்திரிகைக்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தாற் கூட்டத்திற் சத்தம் குறையும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு அன்று பிழைத்துப்போயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடயம் இதுதான். அவ்வூர்ப் பாடசாலைக்குப் புதிய கட்டடம் வேண்டும். இருப்பது பழைய அரைச்சுவர் மண்டபம் ஒன்றும், 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போனபின் அவசரத்திற் போட்ட கொட்டகைகளின் மிச்சமுந்தான். பணத்தை வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் தருகிறார்கள். நிலத்தைப் பங்கு தருகிறது. மேசையிலே இரண்டு வரைபடங்கள் விரிக்கப்பட்டிருந்தன. கடற்காற்றுக்குப் பறந்துவிடாதிருக்க மூலைக்கொரு செபப்புத்தகம் வைத்திருந்தார்கள்.

ஒரு படம், அரசாங்கப் பாடசாலைகளுக்கென்று நாடெங்கும் வழங்கும் மாதிரியைப் பின்பற்றியது. நீண்ட பெட்டி, வரிசையாய் வகுப்பறைகள், முன்னால் ஒரு விறாந்தை. நுவரெலியாவின் குளிரிலும் அதே பெட்டிதான், வடமராட்சியின் வெக்கையிலும் அதே பெட்டிதான். மற்றப் படம் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் வாழும் பழைய மாணவர்கள் வரைவித்து அனுப்பியது. மூன்று மாடி. முகப்பிலே உயர்ந்த தூண்கள், தூண்களுக்கிடையே நீலக் கண்ணாடி, உச்சியிற் சிலுவை, வாசலிற் கொடையாளிகளின் பெயர் பொறிக்கப் பளிங்குப் பலகை. இரண்டு மணித்தியாலம் இந்த இரண்டில் எது என்றே வாதம் நடந்தது. பழைய மாணவர் சங்கத்தார் ஒருபுறம். இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கூட்டித் துடைக்க ஆள் எங்கே என்று கேட்ட ஆசிரியர்கள் மறுபுறம்.

அப்போது பின்வரிசையிலிருந்து வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் எழுந்தார். கையிற் செபமாலை. மேசையருகே வந்து, மூன்று மாடிப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சுவாமி, இதிலை பொம்பிளைப் பிள்ளையளுக்கு கக்கூசு எங்கை?”

சிலர் சிரித்தார்கள். படத்தை விளக்கிக்கொண்டிருந்த இளைஞர் தாளைப் புரட்டினார். மலசலகூடங்கள் இரண்டாம் கட்ட வேலைகளில் அடங்கும் என்றும், பணம் சேர்ந்ததும் பின்வளவிற் கட்டப்படும் என்றும் பதிலளித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கோ அந்தக் கேள்வி முப்பது வருடத்துக்கு முந்திய ஓரிரவுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் எழுந்து நடந்த நாள். அந்த மழையையும், செம்மணி வீதியில் அடியடியாக நகர்ந்த சனத்தையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் மீண்டும் எழுதவேண்டியதில்லை. நானும் அம்மாவும் மறுநாள் தென்மராட்சியிலே கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றின் வகுப்பறையிற் போய் ஒதுங்கினோம். அந்த ஒரு வகுப்பறையில் எங்களோடு பதினொரு குடும்பங்கள். வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டினோம். கூரை ஒழுகவில்லை, சுவர் உறுதியாக இருந்தது; அந்தளவில் அக்கட்டடம் எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்லவேண்டும். ஆனால் அத்தனை சனத்துக்கும் இருந்தவை இரண்டு மலசலகூடங்கள். அவையும் வளவின் கோடியில், விளக்கு இல்லாத இடத்தில்.

அம்மா பகலிலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் அதை நாலைந்து நாள் கவனிக்கவில்லை. வெளியே செய்தி தேடி அலைவதுதான் பெரிய காரியம் என்று எண்ணியிருந்த வயது. காய்ச்சல் கண்டு, இடுப்பு வலியென்று அவர் சுருண்டு படுத்தபோதுதான் வைத்தியரிடம் கொண்டுபோனேன். சிறுநீர்த் தொற்று என்று சொன்ன வைத்தியர், ‘இந்த வாரத்தில் மட்டும் இப்படி எத்தனையோ பெண்களைப் பார்த்துவிட்டேன்’ என்றார். அதன்பிறகு அருகிலிருந்த கன்னியர்கள் இரவானதும் தமது மடத்தின் பின்கதவைப் பெண்களுக்காகத் திறந்துவிட்டார்கள். அதை யார் போய்க் கேட்டார்களோ தெரியாது, நான் கேட்கவில்லை.

இந்தக் கதையைக் கூட்டத்திற் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். ஏனெனில், எங்கள் மண்ணிலே பாடசாலைக் கட்டடம் என்பது ஒருபோதும் பாடசாலைக் கட்டடம் மாத்திரமாக இருந்ததில்லை. போரிலே அகதி முகாம், வெள்ளத்திலே தங்குமிடம், தேர்தலிலே வாக்குச்சாவடி, இழவு வீட்டுக்கு வாங்கு இரவல் கொடுக்கும் இடமும் அதுவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டு அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, வீடிழந்த சனம் போய் ஒதுங்கியது எங்கே? பாடசாலைகளிலும் கோயில்களிலுந்தான். அடுத்த வெள்ளத்துக்கும் அங்கேதான் போகப்போகிறது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கட்டடம் வரைகிறபோது மட்டும், காலை ஏழரை தொடக்கம் பகல் ஒன்றரை வரை வாங்கிலே இருக்கும் பிள்ளையை மாத்திரமே நினைத்து வரைகிறோம். அந்தப் பிள்ளையையாவது முழுதாக நினைத்தோமா என்றால், அதுவும் இல்லை. வீட்டுக்குப் போகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் இன்றும் பல பாடசாலைகளில் இருக்கிறார்கள் என்பதை எந்த ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார்.

நேரக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம். வருடத்துக்கு ஏறத்தாழ இருநூறு நாள். ஆயிரத்து இருநூறு மணித்தியாலம். வருடத்தில் உள்ளவை எண்ணாயிரத்து எழுநூற்று அறுபது. அதாவது, ஊரிலேயே அதிகப் பணம் செலவழித்துக் கட்டும் கட்டடம், தன் ஆயுளில் ஏழிலொரு பங்கு நேரந்தான் திறந்திருக்கிறது. மிச்ச நேரம் பூட்டு. அந்தப் பூட்டுக்கு வெளியே, பொழுதுபட்ட பிறகு ரியூசனுக்காக நாலைந்து கட்டை சைக்கிளோடும் பிள்ளைகள். கூட்டம் வைக்க இடமில்லாமல் வாடியிலே கூடும் கடற்றொழிலாளர் சங்கம். மாதாந்தக் கிளினிக்குக்கு வெயிலிற் காத்திருக்கும் கர்ப்பிணிகள்.

அவ்வூர்ப் பாடசாலையைக் ‘கத்தோலிக்கப் பாடசாலை’ என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கை வந்தபின், 1850இல் இன்றைய சம்பத்திரிசியார் கல்லூரியின் தொடக்கமும், 1862இல் திருக்குடும்பக் கன்னியரின் வருகையும் நிகழ்ந்தன. நகரத்துக் கல்லூரிகளின் வரலாற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். கரையோரக் கிராமங்களில், தேவாலயத்தின் நிழலில், ஓலைக் கொட்டகையில் எழுந்த சிறு பாடசாலைகளின் வரலாற்றை எழுத ஆளில்லை. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அவை அரசுடையாயின. ஆனால் பெயர் மாறவில்லை. ‘றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை’ என்ற நீண்ட பெயர்ப்பலகையை இன்றும் எத்தனையோ ஊர்களிற் காணலாம். சம்பளம் அரசாங்கத்தினது, மணி தேவாலயத்தினது, பிள்ளை ஊரினது. இப்படி மூன்று உரிமையாளர் இருக்கும் இடத்தில், கட்டடத்தை வரையும் உரிமை மட்டும் பணம் தருபவருக்கு உரியதாகிவிடுகிறது.

பணம் தருபவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. பாரிஸிலே உணவகத்தின் பின்னறையிற் கோப்பை கழுவிச் சேர்த்த காசு அது. அவர்கள் நினைவில் உள்ள பாடசாலை, மழைக்கு ஒழுகிய கொட்டகை. தாம் பட்ட குறையைத் தம் ஊர்ப் பிள்ளை படக்கூடாது என்ற ஏக்கமே அங்கே மூன்று மாடியாக எழுகிறது. பளிங்கிலே தந்தையின் பெயரைப் பொறிக்க ஆசைப்படுவதும் பாவமன்று. அந்தத் தந்தைக்குச் சில வேளை கல்லறைகூட இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் விட்டுப்போன ஊருக்கும் இன்றிருக்கும் ஊருக்கும் இடைவெளி உண்டு. அன்று பிள்ளைகள் இருக்க இடமில்லை. இன்று, அதிபர் சொன்னபடி, முழுப் பாடசாலையிலும் இருநூறு பிள்ளைகள் இல்லை. மூன்று மாடியை நிரப்பப் பிள்ளைக்கு எங்கே போவது? பிள்ளைகளின் தகப்பன்மாரும் அண்ணன்மாருமல்லவா பாரிஸில் இருக்கிறார்கள்!

ஊரைக் கேட்டு வரைவது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று யாரும் எண்ணவேண்டாம். இலங்கையின் முதற் பெண் கட்டடக்கலைஞரான மினெற் டி சில்வா, 1958இற் கண்டி வத்தப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரையும்போது, அங்கே குடிவரவிருந்த அரசாங்க ஊழியர்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்களுடைய தேவைகளை விசாரித்தறிந்தே வீடுகளை வடிவமைத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தவர் அங்கே குடியேறினர். எல்லோருக்கும் ஒரே பெட்டி என்று அவர் முடிவு செய்யவில்லை. அறுபத்தைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது.

கத்தோலிக்கப் பாடசாலைகளிலேயே உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் நம் நாட்டிலேயே இருக்கிறது. நல்லாயன் கன்னியர்களுக்காக ஜெஃப்ரி பாவா 1960களிற் செய்த இரண்டு வேலைகளைச் சொல்வேன். ஒன்று, கொழும்பிலே புனித பிரிஜெட் கன்னியர் மடத்தின் மொன்ரிசோரிப் பாடசாலை. கிராமத்து வீட்டை நினைவூட்டும் பெரிய ஓட்டுக் கூரை; அதன் கீழே சின்னஞ்சிறு பிள்ளைகளின் உயரத்தை மனத்திற்கொண்டு வளைந்து செல்லும் சுவர்கள். பெரியவருக்குக் கட்டி அதிற் பிள்ளையைக் கொண்டுவந்து இருத்தவில்லை. மற்றது, ஹங்வெலவில் ஏழைப் பெண்பிள்ளைகள் விவசாயம் பழகுவதற்கென அமைந்த பண்ணைப் பாடசாலை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். தென்னை மரமும் உள்ளூர்ப் பொருள்களுமே அக்கட்டடத்துக்குக் கைகொடுத்தன. பாவா என்றதும் ஹோட்டல்களை நினைப்பவர்களே அதிகம். எனக்கு அந்தப் பண்ணைப் பாடசாலைதான் பெரிதாகப் படுகிறது.

கடல் கடந்தால், திருவனந்தபுரம் லொயோலாப் பாடசாலை வளாகத்தில் லோறி பேக்கர் 1970களின் தொடக்கத்தில் எழுப்பிய சிற்றாலயமும் மண்டபமும் உண்டு. செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டிய துளைச்சுவர் வழியே காற்றும் வெளிச்சமும் தாமாக உள்ளே வருகின்றன. கண்ணாடியும் வேண்டாம், அதைத் துடைக்க ஆளும் வேண்டாம். இதைக் கூட்டத்திலே சொன்னேன். “ஐயா, செங்கல்லுக்கு இஞ்சை எங்கை போறது?” என்று மேசன் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது சரி. வடமராட்சி மணலிலே செங்கல் இல்லை. ஆனால் அதே மேசன்தான் பிறகு, சீமெந்துக் கல்லையும் அப்படியே துளைவிட்டு அடுக்கலாம் என்றும், மழைச்சாரல் அடிக்காத பக்கத்துக்கு அது நல்லது என்றும் சொல்லி, நிலத்திலே தடியாற் கீறிக் காட்டினார். கூட்டத்தில் யாருமே அதுவரை அந்த மனிதரிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டப்போகிறவரே அவர்தான்.

அவர் வேறொன்றும் சொன்னார். கடற்கரையில் வைக்கும் கொன்கிறீற் உப்புக்காற்றுக்கு நாள்பட நிற்காது. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்க, தட்டு வெடித்துக் கீழே கொட்டும். வேலை நேர்த்தியாக இல்லாவிட்டால் பதினைந்து இருபது வருடத்திலேயே அது தொடங்கிவிடும். சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய பழைய தேவாலயங்கள் நூறு வருடம் தாண்டியும் நிற்பதை அவரே சுட்டிக்காட்டினார். நீலக் கண்ணாடி முகப்பைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். முகப்பு வீதியைப் பார்க்கவேண்டும் என்பதற்காக அப்படத்திலே கட்டடம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. மத்தியானத்துக்குப் பின்னான வெயில் முழுதும் அந்தக் கண்ணாடியில் விழும். யாழ்ப்பாணத்தவன் நாற்சார் வீடு கட்டிய காலத்தில் சோளகம் எந்தப்பக்கம், வாடை எந்தப்பக்கம் என்று பார்த்துத்தான் வாசல் வைத்தான். இப்போது வீதியாற் போகிறவனுக்கு எது தெரியும் என்று பார்த்து வைக்கிறோம்.

தண்ணீர் விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கடல் வந்து போனபின் அப்பகுதிக் கிணறுகள் பல உவர்த்துப்போயின. சில தேறின, சில தேறவேயில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில். நூறடி நீளமும் நாற்பதடி அகலமும் கொண்ட கூரை ஒன்றில் விழும் மழையைக் கணக்கிட்டால் நாலரை இலட்சம் லீற்றர் வரை வரும். ஐந்திலொன்று வீணாகிறது என்று வைத்தாலும் மூன்றரை இலட்சம் மிஞ்சும். இருநூறு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு லீற்றர், இருநூறு நாள்: எண்பதாயிரம் லீற்றர். அதாவது, கூரையின் சரிவையும் பீலியையும் நிலத்தடித் தொட்டியையும் முதற் படத்திலேயே சேர்த்து வரைந்தால், வருடம் முழுவதற்கும் பிள்ளைகள் குடிப்பதற்கும், கோடையிலே அயல்வீடுகளுக்குக் கொடுப்பதற்கும் போதும். தொட்டி பெரிதாக இருக்கவேண்டும்; மழையோ மூன்று மாதந்தானே. அதற்குப் பணம் வேண்டும். தூண்களுக்கு வைத்திருக்கும் பணத்தை நான் காட்டினேன். பழைய மாணவர் சங்கத் தலைவருக்கு என்மேற் கொஞ்சம் கோபம்.

நானும் அன்று ஒருமுறை பிழைத்தேன். மாடியே வேண்டாம், பரந்த நிலம் இருக்கிறது, தரையோடு கட்டுவோம், காலிழந்தவர்களும் வயோதிபரும் வந்துபோக அதுவே வசதி என்று ஆவேசமாகப் பேசினேன். பொதுக் கட்டடங்களில் இயலாமையுடையோர் நுழைய வசதி வேண்டும் என்ற விதிகள் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன என்பதையும் எடுத்துவிட்டேன். பேசி முடிந்ததும் இளந்தாய் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்:

“மேல்மாடி ஒண்டு வேணும், ஐயா. கடல் வந்தால் நாங்கள் எங்கை ஏறுறது?”

நான் வாயை மூடிக்கொண்டேன். 2004இல் அவள் சிறு பிள்ளையாக இருந்திருப்பாள். என்ன பார்த்தாளோ, யாரை இழந்தாளோ நான் கேட்கவில்லை. ஆகவே இப்போது என் கருத்து: ஒரு மேல்மாடி, அதிலே தடுப்பில்லாத ஒரே மண்டபம், வெளிப்புறத்தில் அகலமான படியும், கதிரையிற் செல்வோரைத் தள்ளிக்கொண்டு ஏறக்கூடிய சாய்வுப் பாதையும், அந்தப் பாதைக்கு ஒருபோதும் பூட்டில்லை. மண்டபத்தில் மாலையில் பிள்ளைகள் படிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடக்கட்டும், சங்கம் கூடட்டும். மலசலகூடம் கீழேயும் மேலேயும், கட்டடத்தோடு சேர்த்தே, விளக்கோடு. முதற் கட்டத்திலேயே.

பேச எல்லோரும் தயங்கிய விடயம் ஒன்று உண்டு. இரண்டு படங்களிலும் பாடசாலைக்கு ஒரே வாசல். அது தேவாலய முன்றலுக்குள் திறக்கிறது. வீதிக்கு அப்பால் இருப்பது சைவக் குடியிருப்பு. அங்கிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு. யாரும் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலும் ஒரு பேச்சுத்தான். யாழ்ப்பாணத்துப் பாடசாலை வரலாறு தெரிந்தவர்கள் அறிவார்கள்: 1930ஐ ஒட்டிய காலத்திலே, உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கிலிருக்கவேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துப் பாடசாலைகளையே கொளுத்தினார்கள். வாங்கா நிலமா என்பது தளபாடப் பிரச்சினையாகவா இருந்தது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்ரோபர் 28இல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை, வறியவர்களையும் தம் விசுவாசத்தைச் சேராதவர்களையும் கத்தோலிக்கப் பாடசாலை விசேடமாகக் கவனிக்கவேண்டும் என்கிறது. இதை எனக்குக் காட்டித் தந்தவர் அந்தப் பங்குத்தந்தையேதான். ஆனால் படத்தில் வாசலை அவரும் அன்றுவரை கவனித்திருக்கவில்லை.

“வீதிப்பக்கம் ஒரு கேற் வைச்சால் என்ன, ஃபாதர்?” என்றேன். உடனே ஒருவர், மாடு உள்ளே வரும் என்றார். இன்னொருவர், மாடு இப்போதும் தேவாலய வாசலாலேதான் வருகிறது என்றார். அன்று முழுவதற்கும் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நகரத்திலிருந்தும் ஒரு நினைவு. யாழ்ப்பாணம் பொதுநூலகத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த ஐரிஷ் குருவானவர் லோங் அடிகளார். அந்த நூலகத்துக்கு நூலகவியலறிஞர் ரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் படம் வரைந்தார். 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு, 1981இல் நெருப்பு. தமது கல்லூரிக்கென்று இன்னொரு மாடி எழுப்பியிருக்கக்கூடிய செல்வாக்கை, சாதி சமயம் பாராது எவரும் நுழையக்கூடிய கட்டடமொன்றுக்காகச் செலவிட்ட பாதிரியாரை இன்றைக்கு எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

கூட்டம் கலையப் பகல் ஒரு மணியாகிவிட்டது. எந்தப் படமும் ஏற்கப்படவில்லை. ரொறொன்ரோப் படத்தின் பின்பக்கத்து வெள்ளையிலே, பங்குத்தந்தை பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்: மேல் மண்டபம், சாய்வுப் பாதை, தொட்டி, வீதிக் கேற், பெண்பிள்ளைகளுக்கு ஆறு மலசலகூடம். ஆறு என்பது ஆசிரியை ஒருவரின் கணக்கு. அந்த முதிய பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது என்று பிறகு அறிந்தேன்.

“லைற்றும் எழுதுங்கோ, சுவாமி,” என்றார்.

அதையும் எழுதினார். பழைய மாணவர் சங்கத் தலைவர் அந்தத் தாளைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து அங்கிருந்தபடியே ரொறொன்ரோவுக்கு அனுப்பினார். அங்கே அப்போது விடியாத நேரம். பதில் வந்ததும் புதிய படம் வரையப்படும் என்றும், அதை அடுத்த கூட்டத்தில் இதே மேசையில் விரிப்பதென்றும் முடிவாயிற்று. மேசனையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.